முக்கொம்பின் நிறத்தில் ஒரு வானம்

வேதாக் கண்ணே,

தில்லை நகர் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் உன் வானம் ஓடத் தொடங்கிவிட்டது. போன வாரம்தான் திரையை மாட்டினார்கள். இதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து அறையில் நீ இருந்திருந்தால் கதவைக்கூடத் தட்டாமல் ஓடி வந்து சொல்லியிருப்பேன்.

நாத்தனாரும் மன்னியும் சேர்ந்து கம்ப்யூட்டரில் வானம் செய்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தவர்கள் நம் ஸ்ரீரங்கத்துத் தெருவில் உண்டு. சென்னை வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று நீ திரும்பி வந்த வருஷம் அது. பகலெல்லாம் கம்பெனிக்காக ப்ரோக்ராம் எழுதுவாய். அது முடிந்ததும் உனக்காக எழுதுவாய். நட்சத்திரங்கள் பிறக்கிற தூசி மேகங்கள், சுழலும் விண்மீன் கூட்டங்கள். நீ படம் வரையவில்லை, படம் தானாக உருவாவதற்கான விதிகளை எழுதினாய். ஓட்டும் ஒவ்வொரு தடவையும் அதுவரை யாரும் பார்க்காத ஒரு வானம் திரையில் எழுந்து வரும். சற்று நேரம் பார்ப்பாய். பிறகு மூடிவிடுவாய். எதையும் சேமித்து வைக்கமாட்டாய்.

“ஏண்டி, நன்னாத்தானே இருந்தது?” என்பேன்.

“அடுத்தது இதைவிட நன்னா இருந்தா என்ன பண்றது மன்னி?”

நான் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நிறம் பார்க்கிறவள். விண்வெளியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தொலைநோக்கிப் படங்களில் பல நிறங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு மனுஷர்கள் கொடுத்தவை என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை.

“அப்போ நாம எந்த நிறம் வேணும்னாலும் போடலாமா?” என்று கேட்டேன்.

“போடலாமே. நீங்க போடுங்கோ மன்னி” என்று நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாய். அன்றிலிருந்து உருவம் உன்னுடையது, நிறம் என்னுடையது.

அந்த ஆடிப்பெருக்கன்று நீயும் நானும் முக்கொம்புக்குப் போனோம். மதகுகளைத் திறந்திருந்தார்கள். காவேரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் நின்று தண்ணீரையே பார்த்தோம். செம்மண்ணும் பழுப்பும் கலந்த வெள்ளம். மதகின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பச்சை ஓடிய கருப்பு. “இதுதான் வேதா, இந்த நிறம்தான்” என்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், புடவையைக்கூட மாற்றாமல் உன் அறையில் உட்கார்ந்து அந்த நிறங்களைப் போட்டேன். நீ ஓட்டினாய்.

அப்போது வந்தது ஒரு வானம். செம்பழுப்பு மேகம் திரை முழுக்கப் பரவி, இடது பக்கம் ஓரிடத்தில் மட்டும் படராமல் நின்றுவிட்டது. வாய்க்காலுக்குள் நின்ற கல்லைப் போல, வளைந்த ஒரு இருட்டு. நீ அதன்மேல் விரலை வைத்தாய்.

“இங்க ஒண்ணுமே இல்ல பாருங்கோ மன்னி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அந்த இருட்டு ஏன் உனக்கு அவ்வளவு பிடித்தது? கேட்டிருக்கலாம். அதற்குள் உன் அம்மா விளக்கேற்றிவிட்டுக் கூப்பிட்டாள். நீ மூடிவிட்டு எழுந்து போனாய்.

தில்லை நகர் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஷகிலாவுக்கு ஒரு பெரிய படம் தருவதாக நீ சொல்லியிருந்தாய். மருந்து வாசனையில் மிரளும் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க ஏதாவது வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். கார்த்திகைக்குள் முடிக்கலாம் என்றாய். ஐப்பசியில் ஒரு காலை, தலையை வலிக்கிறது என்று படுத்தாய். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வாசலில் மழை பெய்துகொண்டிருந்தது.

டாக்டர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “படத்தைப் பத்தி யோசிக்காதீங்க ஹேமா. அதெல்லாம் இருக்கட்டும்” என்றார். ஆனால் எனக்கு அந்த ஒரு வானம் வேண்டும் போலிருந்தது. நாம் இரண்டு பேரும் பார்த்த அந்த ஒன்று மட்டும்.

உன் கம்ப்யூட்டரைத் திறந்து ஓட்டினேன். ஏதேதோ வந்தது, அது வரவில்லை. நெட்டில் பாடம் பார்த்து, நீ எழுதியிருந்ததை வரிவரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பல மாதங்கள் ஆயிற்று. ஒருநாள் புரிந்தது. கம்ப்யூட்டர் கடிகாரத்தின் நொடியை எடுத்துக்கொண்டுதான் உன் ப்ரோக்ராம் ஒவ்வொரு வானத்தையும் தொடங்குகிறது. அதே நொடியைக் கொடுத்தால் அதே வானம் வரும். அது ஆடிப்பெருக்கு நாள் என்பது எனக்குத் தெரியும். முக்கொம்பிலிருந்து திரும்பியதற்கும் அம்மா விளக்கேற்றியதற்கும் நடுவில் என்பதும் தெரியும். அந்த நேரத்துக்குள் இருந்த ஒவ்வொரு நொடிக்கும் ஒரு படம் செய்யச் சொல்லிவிட்டு, அச்சகத்திலிருந்து வந்ததும் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

உன் அண்ணா அந்த அறைக்குள் வருவதே இல்லை. கதவு நிலையில் கையை ஊன்றி நின்றுவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் அங்கிருந்தே கேட்டார்.

“என்ன தேடறே?”

சொன்னேன். இடது பக்கம் இருந்த இருட்டைப் பற்றியும் சொன்னேன். பிறகு உள்ளே வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தார். “நகர்த்து. நானும் பார்க்கறேன்” என்றார்.

அதன்பிறகு தினமும் இரண்டு பேருமாகப் பார்த்தோம். நடுநடுவே உன்னைப் பற்றிப் பேசினார். நீ போனதிலிருந்து அவர் வாயில் உன் பெயர் வந்தது அப்போதுதான். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள் நீ மொட்டை மாடியில் கிரகணம் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து முகம் கழுவப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அவர்தான் என் கையைப் பிடித்தார்.

“நில்லு ஹேமா. அதுக்கு முன்னாடி வந்தது.”

திரும்பிப் போனேன். அதுதான். என் நினைவில் இரண்டாகப் பிரியும் ஒரு ஆறு இருந்தது. படத்தில் ஆறு எதுவும் இல்லை. அதை நான் முக்கொம்பிலிருந்து என் கண்ணிலேயே கொண்டுவந்திருக்கிறேன் போலிருக்கிறது. ஆனால் அந்த வளைந்த இருட்டு அப்படியே இருந்தது. “வேதா” என்று பக்கத்தில் திரும்பினேன். உன் நாற்காலியில் அவர் இருந்தார். என் தோளில் கை வைத்தார்.

அதைச் சேமித்துவிட்டேன். உனக்குப் பிடிக்காதுதான். கோபித்துக்கொள்வதானால் நேரில் வந்து கோபித்துக்கொள்.

“இதைத்தான் ஆஸ்பத்திரிக்குத் தரப்போறியா?” என்று அவர் கேட்டார். அதற்காகத்தான் தேடினேன். ஆனால் கையில் கிடைத்தபிறகு தர மனம் வரவில்லை. சுவரில் மாட்டினால் அது ஒரு படம், அவ்வளவுதான். நீ செய்தது அது இல்லையே. டாக்டரிடம் போய், படத்துக்குப் பதில் ஒரு திரை வைக்கலாமா, வானம் மாறிக்கொண்டே இருக்கும் என்று சொன்னேன்.

“ஒரு தடவ வந்தது திரும்ப வராதா?” என்று கேட்டார்.

“வராது டாக்டர்.”

“அப்ப ஊசின்னு சொன்னாலும் பிள்ளைங்க வருவாங்க” என்றார்.

எல்லாரும் போய்ப் பார்த்தோம், அம்மாவைத் தவிர. நீ போனபிறகு அவள் கோயிலைத் தாண்டி எங்கும் வருவதில்லை. “நீங்க போயிட்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டாள். நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் கேட்டாள்.

“அங்க உக்காந்து பார்க்க நாற்காலி இருக்காடி?”

“இருக்கும்மா.”

“ஒண்ணு வந்து போனதும் எழுந்துடணுமோ?”

“வேண்டாம்மா. எத்தனை வந்தாலும் பார்த்துண்டே இருக்கலாம்” என்றேன். கையிலிருந்த துண்டை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். ஆட்டோவில் அழைத்துப் போகிறேன், வேதா. திரைக்கு நேர் எதிரே அவளை உட்கார வைப்பேன். அவளாக எழுந்திருக்கிறவரை, கிளம்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் பக்கத்து நாற்காலியில்,
உன் ஹேமா மன்னி
ஸ்ரீரங்கம்