பூஜ்யத்தில் நின்ற கணக்கு

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். தம்பி வீட்டில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று அவர் மனைவி சொன்னாள். போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பாப்பாவுக்குச் சளி விட்டது. அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது கேட்க மாட்டாளா என்றிருக்கிறது.

கல்லூரி விட்டு வந்ததும் உங்கள் மேஜையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டேன். உங்களுக்கே பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் வளர்க்கும் தொட்டிக்குப் பாகு விடும் வால்வை, கணக்கில் வரும் எண்ணின் குறி கூட்டலானால் முழுக்கத் திற, கழித்தலானால் முழுக்க மூடு என்று எழுதியிருந்தீர்கள். அதில் பிழையில்லை. ஆனால் வளர்ச்சியின் நடுவில் அந்த எண் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அப்போது திற என்றும் சொல்லாது, மூடு என்றும் சொல்லாது. உங்கள் நிரலோ கடைசி தசமத்தில் வரும் பிசிறைக் குறியாக எடுத்துக்கொண்டு திறந்து மூடி, திறந்து மூடி வால்வைப் படபடவென்று அடிக்க வைத்திருக்கிறது. குழாய் இணைப்பு தளர்ந்து ஃபிட்டரின் முகத்தில் தெறித்தது அதனால்தான்.

இந்த இடத்துக்குத்தான் நாம் படித்த தனித்தீர்வு. அந்த எண்ணை நேரத்தைப் பொறுத்து இரண்டு முறை வகையிட்டால் பாகின் அளவு தானாக வெளியே வருகிறது. முழுத் திறப்புமில்லை, மூடலுமில்லை, மெல்ல ஏறும் ஓர் இடையளவு. உங்கள் தொழிற்சாலையில் கொடுத்தேன், ஓட்டிப் பார்த்தார்கள். வால்வு சத்தமே போடவில்லை. மேலாளர் கைகுலுக்கினார். எனக்கு எப்போது வெளியே போவோம் என்றிருந்தது.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஃபிட்டருக்கு இடது கண் இனி இல்லை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, போகப்போகத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். ஃபிட்டரின் மனைவி என்னைப் பார்க்காமலே நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டாள்.

ஃபிட்டரிடம் எதையும் மறைக்கவில்லை. கணக்கில் ஓர் இடத்துக்கு விடையே எழுதாமல் விட்டுப்போயிருந்தது என்று சொன்னேன். என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, “அந்த இடம் காலியா இருந்தது சாருக்குத் தெரியுமாம்மா? வால்வு அடிக்குதுன்னு சொன்னப்ப, ஒண்ணுமில்ல, ஏறிப் பாருன்னுதானே அனுப்பினாரு?” என்று கேட்டார்.

அவருக்குத் தெரியாது என்றேன். உடனே சொல்லிவிட்டேன்.

“நீங்க சொல்லாதீங்க. அவரு வந்து சொல்லட்டும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னது சரிதானே? அத்தனை வருடம் இதையே படித்தவர் நீங்கள். கண்ணில் படாமல் போயிருக்கும். வேலை நெருக்கடி, தூக்கமில்லை, போயிருக்கும்தான்.

வீட்டுக்கு வர மனமில்லையென்றால் வர வேண்டாம், நான் வற்புறுத்தவில்லை. அவர் கட்டிலருகே ஒருமுறை வந்து நில்லுங்கள். தெரியாது என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். நானும் பக்கத்தில் இருக்கிறேன். எனக்கும் கேட்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி