ஷம்சுலுக்காகச் சொன்ன ஜெபம்

அன்புத் தங்கை எய்மோனாவுக்கு,

பிரிஸ்பேன் குளிரில் கர்த்தர் உன்னைக் காப்பாராக. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தான் மீன் பிடிக்கப் போகிறேன் என்று படகில் ஏறிப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு வருகிறார். மீன்களும் நலம்.

நான் சமையல் வேலை பார்க்கும் அகதிகள் முகாமைக் கம்பெனி எப்படி நடத்துகிறது என்று பார்க்க, கேன்பராவிலிருந்து அரசாங்க அதிகாரிகள் வந்தார்கள். திடீர்ச் சோதனையாம்! நம் தீவில் ஓட்டல் மெத்தை வெயிலில் காய்ந்தாலே யாரோ வெளியாள் வருகிறார் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே. மேலாளர் கிரெய்க்குக்குத் தெரியாதா? சுவருக்கு வெள்ளை, கக்கூசுக்குக் கதவு, எங்கள் அடுக்களைக்குக் கோழி, எல்லாம் வந்தன.

ஷம்சுலை மட்டும் ஒளித்துவிட்டார்கள். பர்மாவிலிருந்து படகேறி வந்தவன். நான் கஞ்சி கொண்டுபோனால், "இத எங்க ஊர் நாய்கூடக் குடிக்காது" என்று கேலி செய்வான். கால் வீங்கிக் கறுத்துப் போயும் வலி மாத்திரை கொடுத்தே ஓட்டினார்கள். அதிகாரிகள் வந்த அன்று காலை கிடங்குக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அறையில் போட்டுப் பூட்டினார்கள். அவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வெளியாளிடம் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று எங்களுக்கு எச்சரிக்கை.

அதிகாரிகளைக் கிரெய்க் ஒரு நொடிகூடத் தனியே விடவில்லை. மத்தியானம் சாப்பாடு. ஜெபம் சொல்லாமல் இங்கே யாரும் தட்டைத் தொடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பாதிரியார் என்றால் கோழி உயிர்த்தெழும்வரை பேசுவார் என்று பயந்து, என்னைக் கூப்பிட்டு, "சுருக்கமா முடிச்சிடும்மா" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அதிகாரிகளுக்கும் புரியட்டும் என்று, தெரிந்த ஆங்கிலத்திலேயே சொன்னேன்: "ஆண்டவரே, இந்தக் கோழிக்கு நன்றி. வந்த விருந்தாளிங்களுக்கு நன்றி. கிடங்குக்குப் பின்னால பூட்டி வச்சிருக்கிற ஷம்சுலையும் பாத்துக்கங்க. கால் கறுத்துப்போச்சு, தண்ணிகூட இறங்கல. சாவி கிரெய்க் ஐயா பைலதான் இருக்கு, அவர் மனசையும் தொடுங்க."

கிரெய்க் இருமினார், செருமினார். ஆனால் ஜெபத்தை நடுவில் நிறுத்த நம் தீவில் யாருக்குத் துணிவு வரும்? ஆமென் சொன்னபின் ஒருவரும் கரண்டியை எடுக்கவில்லை. வந்த அதிகாரிகளில் ஒரு அம்மா எழுந்து, "எந்தக் கிடங்கு?" என்றாள். கிரெய்க் சிரித்துக்கொண்டே, "இந்தச் சமையக்காரம்மா கொஞ்சம் கிறுக்குங்க" என்றார். "இருக்கட்டும். சாவியக் கொடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே அவனை விமானத்தில் ஏற்றி உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும், உன் அத்தானுக்குத் துணையாகப் படகில் நானும் தூங்குகிறேன். அதிகாரிகள் என்ன எழுதினார்களோ, மேலே யார் படிப்பார்களோ, தெரியாது. ஷம்சுலைப் பற்றியும் கேட்டுப் பார்த்துவிட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நீ போய்ப் பார், எய்மோனா. வாசலில் காவலாள் நிற்பான், உறவு என்ன என்று கேட்பான். கூடப் பிறந்தவள் என்று சொல். சிரித்துவிடாதே. பார்த்தது எதுவானாலும் மறைக்காமல் எனக்கு எழுது.

உன் கால் போகும் வழியெல்லாம் கர்த்தர் துணை நிற்கட்டும். சீக்கிரம் போ, அம்மா.

உன் அக்கா,
எய்டாபே