ஒரு பாடம் குறைகிறது

மே 6, திங்கள்

கணக்கியல் படிக்க வந்தவள் எதற்காகக் கலையில் ஒன்று, அறிவியலில் ஒன்று, சமூகத்தில் ஒன்று என்று பொதுப்பாடம் எடுக்க வேண்டும்? முதலாண்டுப் பெண் ஒருத்தி இன்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளின் பாடத் தேர்வுக்கு ஒப்பமிடுகிறேன், இன்னும் தெரியவில்லை. விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "எது காலையில சீக்கிரம் இல்லையோ அதைச் சொல்லுங்க மேடம்" என்றாள். பாதிப் பேர் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதிப் பேர் தோழி எடுத்ததை எடுக்கிறார்கள்.

பட்டம் வாங்கப்போகிறவர்களின் கோப்புகள் இருபத்துமூன்று வந்திருக்கின்றன. சரிபார்க்க வேண்டும்.

மே 7

லேப் அக்காவின் கோப்பு. மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் நிர்வாகம் படிப்பவர். முப்பத்தெட்டு வயது. கூடப் படிக்கும் பிள்ளைகள் வைத்த பெயர், எனக்கும் ஒட்டிக்கொண்டது. பட்டம் கைக்கு வந்தால் அந்தக் கூடத்துக்கே மேற்பார்வையாளர்.

அறிவியல் பிரிவில் ஒரு பாடம் குறைகிறது.

மூன்று முறை எண்ணினேன். 'இசையும் ஒலியும்' பாடத்தைக் கலைக்கும் அறிவியலுக்கும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறேன். ஒரு பாடம் ஒரு பிரிவுக்குத்தான் — இதை நானே வருடத்துக்கு நூறு தடவை சொல்கிறேன். ஓரத்தில் 'இரண்டுக்கும்' என்று எழுதியிருப்பது என் கை. முத்து முத்தாக. அவசரத்தில் எழுதினேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

நாள் முழுக்க ரத்தத்தைச் சோதிக்கிறவருக்கு அறிவியல் குறைகிறதாம்.

மே 8

பதிவாளர் அலுவலக எழுத்தரிடம், யாரோ ஒரு மாணவிக்காகக் கேட்பதுபோல் விசாரித்தேன். அவருக்குப் புரிந்திருக்கும். "நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினா நான் எதுக்கு மேடம் தோண்டப்போறேன்? உங்க கோப்பைத் திறந்து பாத்தே பல வருஷமாச்சு" என்றார். நல்ல பெயருக்கு இப்படியும் ஒரு பயன்.

வீட்டில் சொன்னேன். கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேசாமல் கையெழுத்தைப் போட்டுவிடச் சொன்னார். போன வருடம் இதே குறைக்காக ஒருவனைத் திருப்பி அனுப்பியதை நினைவுபடுத்தினேன்.

"அது அவன் தப்பு, அவனை அனுப்பின. இது உன் தப்பு. தண்டனை மட்டும் அந்தம்மாவுக்கா?"

சரியாகத்தான் கேட்கிறார். ஆனாலும் கை வரவில்லை.

மே 9

லேப் அக்கா வந்தார். சொல்லவில்லை. கோப்பு இன்னும் வரவில்லை என்றேன். கோப்பு மேசைமேலேயே இருந்தது, மேலே என் கைப்பை.

மே 10, வெள்ளி

நான் பயப்படுவது அவருக்காகவா, எனக்காகவா?

விதியிலிருந்து விலக்குக் கேட்டுக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவுக்கு எழுதலாம். எழுதினால், தவறு யாருடையது என்றும் எழுத வேண்டும். குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் என்னிடம் சந்தேகம் கேட்டு வளர்ந்தவர்கள். மெதுவாகத்தான் பேசுவார்கள். அதைத்தான் தாங்க முடியாது.

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

மே 13, திங்கள்

சொல்லிவிட்டேன்.

குரலை உயர்த்தவில்லை அவர். கோப்பைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"அன்னைக்கே நான் வானியல் எடுக்கறேன்னு சொன்னேன். நீங்கதான் மேடம் வேணாம்னீங்க."

சொன்னேன். நினைவிருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை மிச்சமாகுமே, பிள்ளைகளோடு இருக்கலாமே என்று — அக்கறையாத்தானே சொன்னேன்? யாரு கேட்டா அந்த அக்கறைய?

இந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வேண்டுமாம். இல்லையென்றால் பதவி அவருக்குக் கீழே வேலை செய்பவருக்குப் போய்விடும். குழுவுக்கு எழுதுகிறேன் என்றேன். தலையாட்டினார். கதவருகே நின்று சொன்னார்: "எதுக்கும் நீயும் ஒருதடவை எண்ணிப் பாத்துக்கோன்னு வீட்ல சொன்னாங்க. மேடம் பாத்துட்டாங்க, அப்புறம் நான் வேற எதுக்குன்னேன்."

மே 14

கடிதம். நான்காவது படி. முதல் மூன்றிலும் 'தவறு நேர்ந்துவிட்டது' என்றிருந்தது. மழை பெய்ததுபோல. 'நான் தவறு செய்தேன்' என்று மாற்றிய பிறகுதான் அனுப்ப முடிந்தது.

மே 15

மற்ற இருபத்திரண்டு கோப்புகளையும் மறுபடி எண்ணினேன். எல்லாம் சரி. நம்பிக்கை வரவில்லை, இன்னொரு முறை எண்ணினேன்.

மே 16, வியாழன்

குழு கூடியது. பன்னிரண்டு நிமிடம். என் நேர்மையைப் பாராட்டினார்கள், விலக்கை மறுத்தார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டிவரும் — போன வருடம் நான் எழுதிய குறிப்பிலிருந்தே வாசித்துக் காட்டினார்கள்.

லேப் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சரி மேடம்." நாளைக் காலை வாருங்கள், கோடைக்காலக் குறும்பருவத்தில் எந்த அறிவியல் பாடம் இருக்கிறதென்று சேர்ந்து பார்ப்போம் என்றேன். அதற்கும் "சரி மேடம்".

மே 17, வெள்ளி

குறும்பருவப் பாடங்களை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரைக்கு எழுத்தர்தான் வந்தார். லேப் அக்கா ஒன்பது மணிக்கே 'மண்ணும் நீரும்' பாடத்துக்குப் பதிவு செய்துவிட்டுப் போய்விட்டாராம். மேற்பார்வையாளர் பதவியை மற்றவருக்கே கொடுக்கச் சொல்லி நேற்று மாலையே மருத்துவமனையில் சொல்லிவிட்டாராம். பாடப் படிவத்தில் பக்கத்து அறை ஆலோசகரின் கையெழுத்து. கூடவே, ஆலோசகரை மாற்றிக்கொள்வதற்கான படிவம். அதில் பழைய ஆலோசகரின் சம்மதம் வேண்டும் என்று தயங்கித் தயங்கி நீட்டினார்.

'காரணம்' என்ற கட்டத்தில் லேப் அக்கா எழுதியிருந்தது: நேரம் ஒத்துவரவில்லை.

ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.