விளிம்புவரை நிரப்பிய டம்ளர்

ஏப்ரல் 8, திங்கள்

விடைத்தாள் திருத்தும் முகாம் ஆரம்பம். பத்தாம் வகுப்பு, அறிவியல். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுக்குள் என்னை நுழைத்தாயிற்று. சாயங்காலம் வெளியே எடுக்க நெம்புகோல் வேண்டும்.

பக்கத்தில் வேதியியல் அக்கா. வாயில் எப்போதும் ஏலக்காய், காதில் எப்போதும் அடுத்தவர் கதை. எனக்கேற்ற ஜோடி.

முகாமின் தலைமைத் தேர்வாளர் நம் ரூல்தடி. மரஸ்கேலால் மேசையைத் தட்டாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. “ஆன்சர் கீ-ல இருந்தா மார்க், இல்லேன்னா முட்டை. இங்க யாருக்கும் யோசிக்கிறதுக்குச் சம்பளம் இல்ல.” அந்தக் கொள்கையை மனிதர் வெகுகாலமாகக் கடைப்பிடிக்கிறார், பார்த்தாலே தெரியும்.

இன்றைய விடைகளில் சிறந்தவை: நிறைக்கும் எடைக்கும் என்ன வேறுபாடு? ‘நிறை நம்மிடம் இருப்பது. எடை டாக்டர் சொல்வது.’ அமிலத்தை எப்படிக் கண்டறிவாய்? ‘குடித்துப் பார்க்கலாம். ஆனால் விடை எழுத முடியாது.’ இரண்டுக்கும் முட்டை. முதல் முட்டையைப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. என் டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வில்லங்கம். கேள்வி: டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டி மிதக்கிறது. அது உருகினால் நீர்மட்டம் என்னவாகும்?

கீ சொல்கிறது: உயரும்.

உயருமா! மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஏற்கெனவே ஒதுக்கித்தான் நிற்கிறது. உருகினால் அதே அளவு தண்ணீராகி அந்த இடத்தையே நிரப்பும். மட்டம் அப்படியே இருக்கும். இதைத்தானே வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்துகிறோம்?

என் விடைத்தாள் கட்டுக்குள் ஒரு தாள். கோழி கிளறிய கையெழுத்து. ‘மாறாது. வீட்டில் செய்து பார்த்தேன். அம்மா டம்ளரைக் கேட்டார், கொடுக்கவில்லை.’ மொத்தம் கூட்டினேன். தேர்ச்சிக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைகிறது. சரியாகச் சொன்ன பிள்ளை ஃபெயில், ‘உயரும்’ என்று உளறியவன் பாஸ்.

அந்தக் கட்டை ஒப்படைக்கவில்லை. கூட்டல் சரிவரவில்லை என்று புளுகினேன். என் கணக்கின் லட்சணம் தெரிந்ததால் உடனே நம்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 10, புதன்

ரூல்தடியிடம் போனேன். “ஐஸ் உருகினா தண்ணி கூடும். கூடினா மட்டம் ஏறும். இதுல என்னம்மா சந்தேகம்?” கீ தயாரித்ததே அவர்தானாம். அக்கா பிறகுதான் காதில் ஓதினாள். முன்னாலேயே ஓதியிருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகு நடந்ததை யாரிடம் சொல்வேன்! ஓட்டெடுப்பு நடத்தினார். மிதப்பு விதிக்கு ஓட்டெடுப்பு! “உயரும்னு சொல்றவங்க கை தூக்குங்க.” மண்டபமே தூக்கியது. எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். கீ மாறினால் திருத்திய கட்டுகளையெல்லாம் மறுபடி பிரிக்க வேண்டும், அதுதான் விஷயம். “டீச்சர், ஒரு மார்க்குக்காக எங்க உயிரை வாங்காதீங்க,” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அக்காவும் கை தூக்கினாள். “முதுகு வலி, நீட்டி விட்டேன்டி,” என்கிறாள். துரோகி.

ஏப்ரல் 11, வியாழன்

ஃபிளாஸ்க்கில் ஐஸ் கொண்டுபோனேன். கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தண்ணீர், மேலே தலை நீட்டிக்கொண்டு ஐஸ். ரூல்தடி பச்சை மையில் கையெழுத்திட்ட கீ-யின் மேலேயே வைத்தேன். “வழிஞ்சா நீங்க சொன்னதே சரி, சார்.” என் திமிர் அப்படி.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டம்ளரைச் சுற்றிக் குளம். கையெழுத்து பச்சைக் குழம்பாகிவிட்டது.

“பாத்தீங்களாம்மா? வழிஞ்சிருக்கு!” மரஸ்கேல் தாண்டவம் ஆடியது. மண்டபம் கொல்லென்று சிரித்தது. நாளைக்கு மெமோவாம். நாளை மாலைக்குள் என் கட்டும் போய்ச் சேர வேண்டுமாம்.

அப்படியென்றால் நான்தான் தப்பா? இத்தனை வருஷம் தப்பாகவா நடத்தினேன்?

இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன், ஃபிரிட்ஜ் பாட்டிலை மேசையில் வைத்து ஈரமாக்கிவிட்டார் என்று. “நான் என்ன பண்ணேன்? மூடியைக்கூடத் திறக்கலையே!” என்றார்.

மூடியைத் திறக்கவில்லை.

அட மண்டு! அது காற்றிலிருக்கும் நீராவி. குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம். மிதப்பைக் காட்டக் கிளம்பியவள் ஆவி சுருங்குதலில் வழுக்கி விழுந்திருக்கிறேன். எனக்குத்தான் முதலில் முட்டை போட வேண்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

அதே டம்ளர், அடியில் புதிதாக ஒரு வெள்ளைக் காகிதம். இந்தத் தடவை ஐஸ் போடுவதற்கு முன் தண்ணீரில் சிவப்பு மை கலந்தேன். மைப் புட்டியைத் திறந்து கொடுத்தது முதுகு வலிக்காரி. பிராயச்சித்தமாம்.

“இது வழிஞ்சா காகிதம் சிவக்கணும் சார்.”

யாரும் டீக்குப் போகவில்லை. ஐஸ் கரைந்தது. விளிம்பில் சிவப்பு அசையாமல் நின்றது. கீழே வளையமாக ஈரம், கண்ணீர் மாதிரித் தெளிவாக. ரூல்தடி விரலால் தொட்டார், முகர்ந்தார், நாக்குக்குக் கொண்டுபோனார்.

“நாக்குல வெக்காதீங்க சார்,” என்றாள் அக்கா. “அப்புறம் விடை எழுத முடியாது.”

அவர் சிரிக்கவில்லை. மரஸ்கேலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். மெமோவும் வரவில்லை.

மதியம் சுற்றறிக்கை வந்தது: ‘தலைமைத் தேர்வாளர் நேரில் நடத்திய சோதனையின் அடிப்படையில் விடை மாற்றப்படுகிறது.’

அவர் நடத்தினாராம்!

ஏப்ரல் 13, சனி

நாள் முழுக்கக் கட்டுகளைப் பிரித்து மறுதிருத்தம். யாரும் என்னோடு பேசவில்லை. வடிகட்டியில் தங்கிய கசடைப் போல ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

நிறைவு விழாவில் ரூல்தடி உரை. “மட்டம் மாறாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்.” புதன்கிழமை தூக்கிய அதே கைகள் இன்று தட்டின. நானும் தட்டினேன், பலமாகவே.

அந்தக் கோழிக் கிளறல் தாளை மட்டும் கடைசிவரை எடுத்து வைத்திருந்தேன். தாளில் வேறெதுவும் எழுதக் கூடாது என்பது விதி. அதனால் ‘அம்மாவிடம் டம்ளரைத் திருப்பிக் கொடு’ என்று எழுதவில்லை. ஒரு சரிக்குறி போட்டேன், மொத்தத்தைத் திருத்தினேன், கையெழுத்திட்டேன்.

சரிக்குறி கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.