அடுத்த பயிற்றுநர் நானாம்

செவ்வாய்க்கிழமை, கிரின்ஸ்டெட், டென்மார்க்

எங்கள் ஊர்க் கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணிக்கு அடுத்த பயிற்றுநர் நான்தான் என்று ரசிகர்களின் வைபர் குழுவில் முடிவே கட்டிவிட்டார்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு சங்கத் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கதைத்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். பழைய பயிற்றுநர் சேவியர் அண்ணையை விலக வைத்ததும் நான்தானாம்.

தலைவர் சொன்னது வேறு. பயிற்றுநராக வரும்படி ஒரு டெனிஷ்காரரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் சம்மதிக்கும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று, அணியின் கப்டனான என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சேவியர் அண்ணையும் நானும் ஒரே தொழிற்சாலை. வேலை தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் பஸ் இல்லை. இன்றும் அவருடைய காரில்தான் திரும்பினேன். பாதி வழியில் கேட்டார்.

"அவங்கள் எழுதுறது உண்மையோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப தலைவர் உன்னோட என்ன கதைச்சவர்?"

நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுத் தன் விசிலை எடுத்து நீட்டினார்.

"எனக்குக் கோபமில்லை. நீ எண்டா சந்தோசம்தான். ஆனா நீயே வந்து சொல்லியிருக்கலாம்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். வாங்கிக்கொண்டேன். எல்லாம் விளங்கிவிட்டதுபோல் தலையை ஆட்டினார்.

நாளை காலை வாசலில் வந்து ஹோர்ன் அடிப்பார். எந்த முகத்தோடு ஏறுவது.