என் பெயர் ஒட்டிய இரண்டு பெட்டி

இன்று மருமகன் என்னைக் கோலாலம்பூரில் ஒரு புதுக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கேயே பீர் காய்ச்சுகிறார்களாம். உள்ளே நுழைந்ததும் வேகும் பார்லி வாசம். பக்கத்து மேசையில் ஒருவர் கிளாசை மோந்து மோந்து பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். எனக்கு உன் ஞாபகம் வந்தது, வயிற்றெரிச்சலோடு. எலுமிச்சைச் சாறு ஒன்று குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

பீர் ஆலையில் பன்னிரண்டு வருடம் நாம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சத் திரைக்கு முன்னால் கழுவிய பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக ஓடும். தூசி, கீறல், செத்த பூச்சி எது தெரிந்தாலும் எடுத்து ஒதுக்க வேண்டும். நான் இரண்டைப் பிடிப்பதற்குள் நீ நான்கைப் பிடிப்பாய். "என்னத்தடா பாக்குற, தூங்குறியா?" என்று கிண்டலும் செய்வாய்.

மாதக் கடைசியில் ஆளுக்கு இரண்டு பெட்டி பீர் இலவசம். பெட்டி மேல் அவரவர் பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்கும். நான் ஒரு சொட்டும் குடிக்காதவன். கேரித் தீவுத் தோட்டத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் என் அப்பாவைக் கொண்டுபோனதைப் பார்த்தவன். ஆனாலும் யூனியன் கேட்டு வாங்கிக் கொடுத்த உரிமையை விடுவேனா? வரிசையில் நின்று வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டி, கிள்ளானில் உன் வீட்டில் இறக்கிவிட்டுப் போவேன். நீ ஒரு காலத்தில் சம்சு குடித்து, பிறகு அதை விட்டவன். "பீர் என்ன மச்சான், பார்லித் தண்ணிதான்லா," என்பாய். நானும் நம்பினேன். தோட்டத்தில் பிறந்த நமக்குச் சம்சு குடித்தால்தான் குடி. நாமே பார்த்துப் பார்த்து அனுப்பும் பாட்டில் யாரை என்ன செய்துவிடும்?

ஒருநாள் உன் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணே, இனிமே கொண்டு வராதீங்க. அவருக்குச் சோறே இறங்க மாட்டேங்குது."

"நான் நிறுத்துனா அவன் மறுபடி சம்சுக்குப் போயிருவான்மா," என்றேன், பெரிய டாக்டர் மாதிரி. அவள் ஒதுங்கிக்கொண்டாள். நான் பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

பிறகு நீ வேலையில் பாட்டில்களைத் தவறவிட ஆரம்பித்தாய். உன் கண் மஞ்சளாக இருந்ததை அந்தத் திரை வெளிச்சத்திலேயே பார்த்தேன். ஓவர்டைம் அசதி என்று நினைத்துக்கொண்டேன். பாட்டிலில் ஒரு தூசி என்றால் பெல்ட்டையே நிறுத்தச் சொல்கிறவன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாதமும் வரிசையில் நின்றேன். உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நீயாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே, பாவி.

உன் கருமாதி முடிந்து நான் கிளம்பும்போது, நான் கடைசியாகக் கொண்டுவந்து வைத்த, பிரிக்காத இரண்டு பெட்டிகளை உன் மனைவி வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அழவில்லை, ஏசவுமில்லை.

"உங்க பேருதான் போட்டிருக்கு அண்ணே. எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்தேன். இன்றுவரை பிரிக்கவுமில்லை, தூக்கிப் போடவுமில்லை. இதுவரை மூன்று வீடு மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் லோரிக்காரரைத் தொடவிடாமல் அந்த இரண்டையும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.