செல்லப்பாக்கியம் சொன்ன சாட்சி

ஜொகூர் பாரு,
6-5-1935

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

செல்லப்பாக்கியம் எழுதுவது. நானும் செல்வராணியும் அண்ணா வீட்டாரும் சுகம். ஈஸ்டர் லீவு முடிந்து நீங்கள் கோத்தா திங்கி பஸ் ஏறிப் பன்னிரண்டு நாளாகிறது. ஒரு வரி எழுதவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசருக்குக் கை ஒழியாது என்று எனக்குத் தெரியும். அதற்காக, காய்ச்சலில் கிடந்த மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கக்கூடவா நேரமில்லை?

பிள்ளை ஓடித் திரிகிறாள். நேற்றுச் சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். மருந்தைத் தொடாமல், சகோதரிகள் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று ஜெபித்து, ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதைச் சொன்னபோது முழுக் கூட்டமும் அழுதது. அங்கேயே எனக்கு ஆவியின் அபிஷேகமும் கிடைத்தது. நான் ஒருநாளும் படிக்காத பாஷை என் வாயில் வந்தது. சிரிக்காதீர்கள்.

வருகிற ஞாயிறு கடலில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கிறேன். பால்குடியில் என் நெற்றியில் தெளித்த தண்ணீர் அப்பா அம்மாவின் விசுவாசம்; இது என்னுடையது. கர்த்தர் சிலுவையில் பட்ட அடியில் பாவத்தோடு நோயும் தீர்ந்ததென்றால் மருந்தை நம்புவது எதற்கு? அவர் திரும்பி வரும் நாள் கிட்டிவிட்டது, அத்தான். அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியின் மகன் ராஜசேகரனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். என் சாட்சியைக் கேட்டதும் அவள் வீட்டுக்குப் போய்க் கொயினா மருந்துப் புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். இனிக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் அன்புள்ள,
செல்லப்பாக்கியம்


கோத்தா திங்கி,
10-5-1935

அன்புள்ள செல்லப்பாக்கியத்துக்கு,

இன்று ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர் முப்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் கொயினா கொடுத்த கையோடு இதை எழுதுகிறேன். இந்த வேலையை விட்டுவிட்டு வரட்டாம்! உம்முடைய தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

தெரியாத பாஷை வாயில் வந்ததாம். தெரிந்த பாஷையில் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்க வரவில்லை. இன்றைக்குக் கடலில் முழுகுவீர். நாளைக்கு நகை பாவம் என்று யாராவது சொன்னால் தாலிக்கொடியையும் கழற்றி வைப்பீர். தோட்டத்துக் காய்ச்சலுக்குப் பயந்து உம்மையும் பிள்ளையையும் அண்ணா வீட்டில் விட்டேன். அங்கே இப்படி ஒரு காய்ச்சல் காத்திருக்கும் என்று கண்டேனா?

புஷ்பவள்ளியிடம் இன்றைக்கே போய், மகனுக்குக் கொயினா கொடுக்கச் சொல்லும். ஏன் எதற்கு என்று கேட்க வேண்டாம். பதினொரு வருஷம் காய்ச்சல் பார்த்தவன் சொல்கிறேன். ஜூன் மாதம் தோட்டத்துக்குத் திரும்புவதாகச் சொன்னீர். சொன்னபடி வந்து சேரும்.

இப்படிக்கு,
கந்தப்பு


ஜொகூர் பாரு,
20-5-1935

அன்புள்ள அத்தானுக்கு,

ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன். நீங்கள் சாபம் போட்டபடி தாலிக்கொடியையும் கழற்றிவிட்டேன். அண்ணாவிடம் பத்திரமாக இருக்கிறது. நகை வேண்டாம் என்றுதான் கழற்றினேன், நீங்கள் வேண்டாம் என்றல்ல. அது உங்களுக்கு விளங்காது.

நீங்கள் சொன்னதைப் புஷ்பவள்ளியிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வேன்? என் வாயால் சாட்சி சொல்லிவிட்டு அதே வாயால் மருந்து கொடு என்பதா? செல்வராணி பிழைத்தது உங்கள் கண் முன்னால்தானே நடந்தது? நாலு நாளும் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்தீர்கள், உங்கள் கையாலேயே பால் புகட்டினீர்கள். இவ்வளவு கண்டும் நம்பாதவரை என்ன செய்வது?

ராஜசேகரனுக்கு மூன்றாம் முறையாகக் காய்ச்சல். கண் மஞ்சளாகிவிட்டது. நான் உபவாசம் இருக்கிறேன். யாரோ ஒருவருடைய அவிசுவாசம் ஜெபத்துக்குத் தடையாக நிற்கிறது என்கிறார் போதகர். அது உங்களுடையதுதான். அது நீங்கும்வரை நான் தோட்டத்துக்கு வரமாட்டேன். கோபித்தால் கோபியுங்கள்.

செல்லப்பாக்கியம்


கோத்தா திங்கி,
22-5-1935

செல்லப்பாக்கியம்,

தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை. பஸ் டிரைவர் காளியப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட இருக்கும் பொட்டலத்தில் கொயினா மாத்திரை.

செல்வராணிக்கு மருந்து கொடுத்தேன். நான்தான். நாலு நாள், மூன்று வேளையும், டின்பாலில் சீனியை அள்ளிப் போட்டு அதில் கரைத்துக் கொடுத்தேன். கசக்குது என்று அழுதாள். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றேன். நீங்கள் எல்லாரும் கட்டிலை விட்டு எழுந்து சாப்பிடப் போன நேரங்களில் கொடுத்தேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர். சொல்லியிருந்தால் புட்டியைப் பிடுங்கி எறிந்திருப்பீர். பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் உம்முடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். எனக்கு வாய் வரவில்லை. ஒரு பொய்யால் வீடு நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சபை நடுவில் சாட்சி சொல்வீர் என்று கனவா கண்டேன்?

என்னைத் திட்டப் பிறகு நேரம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை. கண் மஞ்சளித்தால் ஒரு வாரம் தாங்காது. ஓடும்.

கந்தப்பு


ஜொகூர் பாரு,
3-6-1935

டிரெசர் கந்தப்பு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் செல்வராணியைக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். மூன்று முறை கேட்ட பிறகுதான், "அப்பா சொல்லக்கூடாது எண்டவர்" என்றாள். நாலு வயதுப் பிள்ளை. அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கிவிட்டு நீங்கள் பஸ் ஏறிப் போயிருக்கிறீர்கள்.

புஷ்பவள்ளியிடம் ஓடினேன். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. "அக்கா, சாத்தான் உங்க வீட்டுக்காரர வச்சு உங்கள சோதிக்கிறான். நீங்க சாட்சி சொன்னப்ப உங்க மொகத்தப் பாத்தேன். அது பொய்யா இருக்க முடியாதுங்க" என்றாள். மாத்திரையை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னாள். நான் சொன்ன பொய்யை நம்பியவள், நான் சொன்ன உண்மையை நம்பவில்லை.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் செய்ததையே நானும் செய்தேன். துணைக்கு இருக்கிறேன் என்று அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் துணி துவைக்கப் போன நேரமெல்லாம் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தேன். ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் உங்களைத் திட்டிக்கொண்டே கொடுத்தேன். பையன் பிழைத்துவிட்டான்.

நேற்றுச் சபையில் அவனைத் தூக்கிக்கொண்டு புஷ்பவள்ளி சாட்சி சொல்ல எழுந்தாள். பின் வரிசையில் கைக்குழந்தையோடு இரண்டு தாய்மார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்க முடியாமல் நானும் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். போதகர் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "எம்புள்ளைக்கு எனக்குத் தெரியாம மருந்து குடுத்தியா?" என்று புஷ்பவள்ளி எல்லார் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அந்த அடி உங்களுக்கு விழ வேண்டியது. நீங்கள் கொடுத்ததைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை, புருஷனுக்குப் பயந்து நான் சாட்சியை மாற்றுகிறேன் என்கிறார்கள். அவரே வந்து சொன்னால் சபை கேட்கும் என்றார் போதகர். அதுவரை என் பழைய சாட்சிதான் நிற்குமாம்.

கர்த்தர் குணமாக்குவார் என்று இன்றும் நம்புகிறேன். நான் கடலில் முழுகியதும் பொய்யில்லை. ஆனால் அவர் செய்யாத ஒன்றை அவர் பெயரில் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல வைத்தது நீங்கள். மருந்து கொடுத்ததை அன்றைக்கே சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், பிறகு மன்னித்திருப்பேன். புஷ்பவள்ளி புட்டியைக் கவிழ்த்தாள் என்று எழுதினேனே, அதைப் படித்த பிறகும் ஏன் எதற்கு என்று கேட்க வேண்டாம் என்றுதானே பதில் போட்டீர்கள்? உண்மையைச் சொல்ல அதன் பிறகும் பன்னிரண்டு நாள் எடுத்தீர்கள். அந்தப் பன்னிரண்டு நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்பதாம் தேதி ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். வந்து, எழுந்து நின்று, உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்னால் அன்றைக்கே உங்களோடு பஸ் ஏறுவேன். கோபத்தோடுதான் வருவேன், ஆனால் வருவேன். வராவிட்டால் நியாயம் சொல்லிக் கடிதம் எழுத வேண்டாம். நான் பிரிக்கமாட்டேன்.

செல்லப்பாக்கியம்


கோத்தா திங்கி,
8-6-1935

செல்லப்பாக்கியத்துக்கு,

பிரிக்கமாட்டேன் என்றீர். ஆகையால் உறையில் போடாமல் காளியப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனும் வாசிப்பான், வாசிக்கட்டும்.

தோட்டத்துத் துரை லீவு தரமாட்டேன் என்றார். போனால் திரும்பி வர வேண்டாம் என்றும் சொன்னார். ஆனாலும் இன்று மாலை பஸ்ஸில் வருகிறேன். உம்முடைய போதகரோடு எனக்கு ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாது. அவர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பதை நினைத்தாலே உடம்பெல்லாம் எரிகிறது. ஆனாலும் கேட்பேன். அதற்கு முன்னால் செல்வராணியிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

திரும்பிப் போகத் தோட்டத்து வீடு இருக்குமோ தெரியாது. எதற்கும் பெட்டியைக் கட்டி வையும்.

கந்தப்பு